பரிசு மேசையின் நீளம்

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. டெட்ராய்ட்டிலிருந்து முக்கால் மணி நேரம் காரில் போனால் வரும் ஒரு பூங்கா. மேப்பிள் மரத்தடியில் எட்டு மடக்கு மேசைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். மேசை கொள்ளாமல் தட்டுகள். சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், கண்ணாடிபோல ஊடுருவிப் பார்க்க முடிகிற நீலம், இருட்டில் ஒளிரும் பால்வெள்ளை. ஒவ்வொன்றின் அடியிலும் விளிம்பை ஒட்டிக் கறுப்பு மையில் எடை எழுதியிருக்கிறது: 172, 174, 175. அடுக்கி நிறுத்திய தட்டுகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபடி இருபது பேர் நிற்கிறார்கள். பழைய புத்தகக் கடையில் புத்தகம் தேடுகிறவர்களின் முகம் அவர்களுக்கு.

என் கையில் 40 டாலர் என்று அச்சடித்த சீட்டு. பத்தொன்பது பேர் ஆடிய பிரிவில் ஏழாவதாக வந்ததற்காகக் கிடைத்தது. இந்தப் போட்டிக்கு நான் கட்டிய நுழைவுக் கட்டணம் 50 டாலர். காலையில் வந்து பெயரைச் சொன்னதுமே, போட்டியின் முத்திரை பதித்த ஒரு தட்டு, ஒரு கைத்துண்டு, ஒரு தண்ணீர்ப் புட்டி எல்லாம் வைத்த பையைக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேல்தான் இந்தச் சீட்டு.

பக்கத்தில் நின்ற தம்பி கோயம்புத்தூர்க்காரர். நோவி நகரில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். போட்டிகளுக்கு இருவரும் ஒரே காரில்தான் வருவோம்.

"அண்ணா, எனக்குச் சீட்டு வரலீங்க. உங்களுக்கு வேண்டாம்னா அந்தப் பச்சைய எடுத்துடுங்க, நான் காசு குடுத்துர்றேன்."

"பையில இருபது வச்சிருக்கியேப்பா, இன்னும் எதுக்கு?"

"இருக்குதுங்ணா. ஆனா பரிசு மேசையில எடுத்ததுன்னா அது வேறீங்களே."

அந்தப் பதில் எனக்குப் பல நாள் மறக்கவில்லை. கடையில் 18 டாலருக்கு வாங்கக்கூடிய தட்டுதான். ஆனாலும் பரிசு மேசையில் இருந்து எடுத்தால் அது வேறு. அந்த 'வேறு' எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. டிஸ்க் கோல்ஃப் என்பது பந்துக்குப் பதில் தட்டை வைத்து ஆடும் கோல்ஃப். ஒரு மேடையில் நின்று எறிய வேண்டும். தட்டு விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். கடைசியில் ஒரு கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும். அவற்றின் கீழே இரும்புக் கூடை. தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தால் அந்தக் குழி முடிந்தது. குழியே கிடையாது, ஆனாலும் கோல்ஃப் வழக்கப்படி குழி என்றுதான் சொல்கிறோம். பெரும்பாலும் பதினெட்டு குழிகள். குறைந்த எறிதலில் முடித்தவருக்கு வெற்றி. அமெரிக்காவில் பெரும்பாலான மைதானங்கள் நகராட்சிப் பூங்காக்களில் இருக்கின்றன. பல இடங்களில் காசு கிடையாது. ஒரே ஒரு தட்டு இருந்தால் போதும், ஆயுள் முழுக்க ஆடலாம்.

இந்த எளிமைதான் இதன் தொடக்கம். 1960களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் தவுசண்ட் ஓக்ஸ் பகுதியில் ஜார்ஜ் சாப்பன்ஃபீல்ட் என்ற பூங்கா அலுவலர் தட்டெறியும் கோல்ஃப் போட்டி ஒன்றை நடத்த நினைத்தார். ஃபிரிஸ்பி தயாரித்த வாம்-ஓ நிறுவனத்திடம் உதவி கேட்டார். அவர்கள் எறிவதற்குத் தட்டுகளும், இலக்காக வைக்க ஹூலா வளையங்களும் அனுப்பினார்கள். இந்த ஆட்டம் கண்ட முதல் புரவலர் உதவிகளில் ஒன்று அது. பிள்ளைகள் இடுப்பில் சுழற்றும் பிளாஸ்டிக் வளையம்! இன்று ஒரு போட்டியில் பதினெட்டு மேடைகளிலும் பதினெட்டுக் கம்பெனிகளின் பதாகைகள் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த வளையங்கள் ஞாபகம் வருகின்றன.

அந்தக் காலத்தில் பெரிய பரிசே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் ஊரில் ஜிம் பால்மேரியும் அவருடைய நண்பர்களும் 1970 முதல் பூங்காவில் தட்டு கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள். 1974இல் நாடு தழுவிய போட்டி ஒன்றை அறிவித்தார்கள்: அமெரிக்கன் ஃபிளையிங் டிஸ்க் ஓபன். முதல் பரிசு ஒரு புத்தம் புதிய டாட்சன் பி-210 கார். எங்கோ மூலையில் இருக்கும் தேர்ந்த ஆட்டக்காரனையும் வீட்டை விட்டுக் கிளம்ப வைக்கும் பரிசு அது. காரை வென்றவர் டான் ராடிக். உயரமும் ஒல்லியுமான உடல்வாகால் அவரை 'நாரை' என்றே எல்லாரும் அழைத்தார்கள். 1979இல் கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் பீச்சில் வாம்-ஓ நடத்திய போட்டியின் மொத்தப் பரிசுத் தொகை 50,000 டாலர்.

ஆனால் அன்றைய பெரிய பரிசில் ஒரு தெளிவு இருந்தது. வெல்பவர் ஒருவர், பரிசு அவருக்கு. காரைப் பார்க்க வந்த மற்றவர்கள் ஆடிவிட்டு, சிரித்துவிட்டு, கையில் எதுவும் இல்லாமல் வீடு போனார்கள். தொழில்முறை, அமெச்சூர் என்ற பிரிவுகூட அப்போது இறுகவில்லை.

ஆட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் எட் ஹெட்ரிக். ஃபிரிஸ்பி நேராகப் பறக்க அதன் மேற்புறத்தில் வளைய வரிகள் வைத்து 1967இல் காப்புரிமை பெற்றவர். 1975இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானத்தை அமைத்தார். சங்கிலிக் கூடை அவருடைய கண்டுபிடிப்பு. 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தை, இன்று எல்லோரும் பி.டி.ஜி.ஏ. என்று சொல்கிற அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் உறுப்பினர் எண் அவருடையது. 2002இல் அவர் இறந்தபோது, அவர் விரும்பியபடியே அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகள் வார்த்தார்கள். ஒரு ஆட்டத்தின் மேல் இவ்வளவு பிரியம் வைத்த மனிதரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

எல்லாவற்றையும் மாற்றியது 1983. அந்த ஆண்டு கலிஃபோர்னியாவில் இன்னோவா நிறுவனம் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவ் டனிபேஸ், தட்டின் விளிம்பை உருண்டையாக விடாமல் கத்திபோலச் சரித்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு போனது தட்டு. அதுவரை ஒரே ஃபிரிஸ்பியை வைத்து எல்லா எறிதலையும் எறிந்தவர்கள், தூரத்துக்கு ஒன்று, நடுத்தூரத்துக்கு ஒன்று, கூடைக்குப் பக்கத்தில் போட ஒன்று, இடது பக்கம் வளைய ஒன்று, வலது பக்கம் வளைய ஒன்று என்று வாங்கத் தொடங்கினார்கள். மிச்சிகனில் ஜிம் கென்னரின் டிஸ்கிராஃப்டும் அதே வழியில் வளர்ந்தது. இன்று போட்டிக்கு வருபவர் முதுகில் பதினைந்து இருபது தட்டுகள் கொண்ட பை தொங்காவிட்டால்தான் அதிசயம்.

இங்கேதான் பரிசின் கதை திரும்புகிறது. மற்ற ஆட்டங்களில் ஆடும் பொருள் வேறு, பரிசு வேறு. டிஸ்க் கோல்ஃபில் ஆடும் பொருளே பரிசாகிவிட்டது. தட்டு விலை குறைவு, கெட்டுப் போகாது, அடுக்கி வைக்கலாம், போட்டியின் பெயரை மேலே பொறிக்கலாம், எத்தனை வைத்திருந்தாலும் இன்னொன்று வேண்டும் என்று தோன்றும். ரொக்கப் பணம் வாங்கினால் தொழில்முறை ஆட்டக்காரர் என்பது விதி. அமெச்சூர் ரொக்கம் தொடக்கூடாது, பொருள் வாங்கலாம். தொழில்முறைப் பிரிவில் ஆடிப் பணம் வென்ற அமெச்சூர்கூட, அதை மறுத்துவிட்டால் அமெச்சூராகவே இருக்கலாம். ஆக அமெச்சூருக்கான நாணயம் பிளாஸ்டிக் என்று ஆயிற்று. 'பிளாஸ்டிக் எவ்வளவு ஜெயிச்ச?' என்றுதான் இன்றும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம்.

கணக்கை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் உதாரணத்துக்குச் சொல்கிறேன். 90 அமெச்சூர்கள், தலைக்கு 50 டாலர். 4,500 டாலர் சேர்கிறது. சங்கக் கட்டணம், பூங்கா வாடகை, கோப்பைகள் என்று தலைக்குப் பத்து டாலர் போனால் மிச்சம் 3,600. இந்தத் தொகையை ஆட்டக்காரர்களுக்கே பொருளாகத் திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பொருளைச் சில்லறை விலையில் கணக்கிடலாம். போட்டியை நடத்துபவரோ தட்டை வாங்குவது மொத்த விலையில், ஏறக்குறைய பாதி விலைக்கு. 3,600 டாலர் பெறுமான பரிசுக்கு அவர் கையிலிருந்து போவது 1,800தான். மிச்ச 1,800இல் போட்டி நடக்கிறது. தன்னார்வலர்களுக்கு மத்தியானச் சாப்பாடு, புதிய கூடை ஒன்று, பல ஊர்களில் தொழில்முறைப் பிரிவின் ரொக்கப் பரிசோடு சேர்க்கும் தொகை, எல்லாம் இதிலிருந்துதான்.

இந்த ஏற்பாட்டைத் திருட்டு என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். மூன்று போட்டிகளை நடத்த நான் துணை நின்றிருக்கிறேன். நடத்துபவர் வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, ராத்திரி பதினொரு மணிக்குக் கார் விளக்கு வெளிச்சத்தில் எல்லைக் கயிறு கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தொலைக்காட்சிப் பணம் இல்லை, நுழைவுச் சீட்டு விற்பனை இல்லை, அரசு மானியம் இல்லை. அந்தப் பாதி விலை இடைவெளி இல்லாவிட்டால் நாட்டில் ஆயிரக்கணக்கான சிறு போட்டிகள் நடந்தே இருக்காது, கூடைகள் நட்டிருக்கவே மாட்டார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களும் பல ஆண்டுகள் அமெச்சூர்களின் தோளில் ஏறித்தான் இவ்வளவு தூரம் வந்தார்கள். இதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் பரிசு மேசை ஆண்டுக்காண்டு நீண்டுகொண்டே போனது. 2000களில் கென்டக்கியின் பவுலிங் கிரீன் ஊரில் நடந்த அமெச்சூர் போட்டிக்கு ஆட்கள் மாநிலம் தாண்டி வந்தார்கள். வருகிற எல்லாருக்கும் கொடுக்கும் பையின் கனம் அதற்கு ஒரு காரணம். பிறகு கன்சாஸின் எம்போரியா. ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் பேர் வாழும் சிற்றூர். 2005இல் ஜெரமி ரஸ்கோ தொடங்கிய டைனமிக் டிஸ்க்ஸ் அங்கிருந்து வளர்ந்தது. அவர்கள் நடத்திய கிளாஸ் புளோன் ஓபனுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கூடினார்கள். பெரும்பாலோர் அமெச்சூர்கள். ஊரின் கடைத்தெருவே ஏப்ரல் மாதம் தட்டுக்காரர்களால் நிரம்பியது. உணவகச் சன்னல்களில் வரவேற்புப் பலகைகள். பாட்டி வயதுப் பெண்கள், பள்ளிக்கூடப் பையன்கள், எல்லார் தோளிலும் தட்டுப் பை. அந்தத் திருவிழாவில் பரிசு ஒரு சாக்கு மட்டுமே என்று நான் நம்புகிறேன். கூட்டத்தில் ஒருவராக இருப்பதற்காக வந்தவர்களே அதிகம்.

நீண்ட மேசை ஒரு நோயையும் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் சங்கம் ஒரு மதிப்பெண் தருகிறது. ஆயிரம் என்பது தேர்ந்த ஆட்டம். பத்துப் புள்ளி என்றால் சாதாரண மைதானத்தில் சுமார் ஓர் எறிதல் வித்தியாசம். அந்த மதிப்பெண்ணை வைத்து நோவிஸ், ரிக்ரியேஷனல், இன்டர்மீடியட், அட்வான்ஸ்ட் என்று பிரிவுகள். மதிப்பெண் ஏறினால் மேல் பிரிவுக்குப் போக வேண்டும். போகாமல் கீழேயே நின்று வாராவாரம் தட்டு அள்ளுபவரை 'பேகர்' என்பார்கள். பழைய கோல்ஃபிலும் வழங்கும் வசை அது.

ஒரு முறை என் பிரிவில் ஒருவர் ஆடினார். மேலே ஆட வேண்டியவர் என்பது முதல் எறிதலிலேயே எங்கள் நால்வருக்கும் தெரிந்தது. ஒன்பது எறிதல் வித்தியாசத்தில் வென்றார். மேசைக்குப் போய் ஒரு பெட்டித் தட்டுகளை அப்படியே தூக்கிக்கொண்டு, தன் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே இன்னும் மூன்று பெட்டிகள். அடுத்த வாரம் அவற்றை விற்றுவிடுவார் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். எங்களோடு ஆடிய ஒரு பையன், அன்றைக்கு முதல் போட்டி அவனுக்கு, பதினாறு வயதிருக்கும், காரின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் இரண்டாவதாக வந்திருந்தான். அவனை அதற்குப் பிறகு எந்தப் போட்டியிலும் நான் பார்க்கவில்லை. அந்தப் பெட்டிக்காரர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அதைவிடப் பெரிய கோபம், கீழே தங்குவதற்குக் கூலி கொடுக்கும் அந்த மேசையின் மேல்.

பந்து கோல்ஃபைப் பாருங்கள். பாபி ஜோன்ஸ் 1930இல் அந்தக் காலத்தின் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றபோது அவர் அமெச்சூர். பரிசாக ஒரு டாலர் வாங்கவில்லை. இன்றும் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அமெச்சூர் பரிசுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 750 டாலராக இருந்த வரம்பு 2022 ஜனவரியில் 1,000 ஆயிற்று. அதே விதித் திருத்தத்தில், அமெச்சூர்கள் விளம்பரதாரர்களின் பணத்தை ஏற்பதற்கு இருந்த தடைகளை நீக்கிவிட்டார்கள். நூறாண்டு இறுகிய கோட்டையே கதவைத் திறந்துவிட்ட பிறகு, பூங்காவில் பிறந்த எங்கள் ஆட்டம் எப்படித் தனித்து நிற்கும் என்று கேட்கலாம். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. கோல்ஃப் சங்கம் யோசித்தது மிகத் திறமையான இளைஞர்களை நினைத்து. பயணத்துக்குக் காசில்லாத பிள்ளைகளுக்கு உதவி கிடைக்கட்டும் என்று. நாங்கள் பரிசைப் பரப்புவது ஏழாவதாக வந்த என்னைப் போன்ற நாற்பத்தெட்டு வயதுக்காரருக்கு.

புரவலர்களின் கதையும் இதே போக்குதான். பழைய மைதானங்களில் குழிக்குழியாக நிற்கும் பலகைகளை இன்றும் படிக்கலாம்: உள்ளூர்ப் பீட்சாக் கடை, சைக்கிள் பழுதுபார்ப்பவர், பல் மருத்துவர். ஆளுக்கு ஐம்பதோ நூறோ கொடுத்திருப்பார்கள். மழையில் வெளுத்துப்போன அந்தப் பெயர்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம். பலரும் ஆட்டம் ஆடாதவர்கள். பக்கத்துப் பூங்காவில் பிள்ளைகளுக்கு ஏதோ நல்லது நடக்கிறதே என்று கொடுத்தவர்கள்.

இப்போது மேல்மட்டத்தில் பணம் பெருகிவிட்டது. பால் மக்பெத் 2019இல் டிஸ்கிராஃப்டோடு செய்த ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர். 2021இல் அதே நிறுவனம் பத்து ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் என்று புதுப்பித்தது. அவர் ஹன்டிங்டன் பீச்சுக்காரர். 50,000 டாலரை மொத்தப் பரிசாக வைத்து வாம்-ஓ போட்டி நடத்திய அதே ஊர். அதே 2021 ஜூனில் யூட்டாவின் ஆக்டன் நகரில் உலகப் போட்டியின் கடைசிக் குழியில் ஜேம்ஸ் கான்ராட் 247 அடித் தூரத்திலிருந்து எறிந்த தட்டு சங்கிலிக்குள் புகுந்தது. அதனால் மக்பெத்தோடு சமனாகி, பின்னர் பட்டத்தையும் வென்றார். அதுவரை எங்கள் ஆட்டத்தைக் கண்டுகொள்ளாத விளையாட்டுச் சேனல்கள் அந்த எறிதலைத் திரும்பத் திரும்பக் காட்டின. என் அலுவலகத்தில் மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டு, தட்டு எங்கே வாங்குவது என்று கேட்டார்கள்.

மேலே இப்படிப் பணம் கொட்டியதும் கீழேயும் ஒரு தூறல் விழுந்தது. தட்டுக் கம்பெனிகள் அமெச்சூர்களைத் தங்கள் அணியில் சேர்க்கின்றன. 'அம்பாசடர்' என்று பெயர். சம்பளம் கிடையாது. தட்டுக்குத் தள்ளுபடி, இரண்டு சட்டை, சமயத்தில் ஒரு பை. பதிலுக்கு அந்தக் கம்பெனித் தட்டை மட்டும் எறிய வேண்டும், சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டிக்கு வர வேண்டும், இன்ஸ்டாகிராமில் படம் போட வேண்டும், நண்பர்களுக்குத் தள்ளுபடிக் குறியீட்டைக் கொடுத்து வாங்க வைக்க வேண்டும். நம் தம்பி சென்ற ஆண்டு அப்படி ஓர் அணியில் சேர்ந்தார். சேர்ந்த நாளில் அவ்வளவு சந்தோஷம். ஆறு மாதம் கழித்து, "எனக்குக் கை பழகின பழைய தட்டு இருக்குதுங்ணா, அத எறிய முடியாதே" என்று வருத்தப்பட்டார். நல்ல மனது, நல்ல எறிதல், எல்லாரிடமும் ஆட்டத்தைப் பற்றிப் பேசும் சுபாவம். இவற்றையெல்லாம் அந்தக் கம்பெனி இரண்டு சட்டைக்கு வாங்கிவிட்டது என்றே எனக்குப் பட்டது. ஆண்டு முடிந்ததும் அவர் விலகிக்கொண்டார். இன்றைக்கு அவர் பையில் நான்கு கம்பெனித் தட்டுகள் இருக்கின்றன.

கொரோனா வந்தது. எல்லா விளையாட்டும் மூடிக்கிடந்தபோது வெட்டவெளியில், ஒருவரை ஒருவர் தொடாமல் ஆடக்கூடியது என்பதால் எங்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் குவிந்தது. 2021இல் பி.டி.ஜி.ஏ.வின் நடப்பு உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. தொழிற்சாலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. கடைச் சுவர்களில் வெறும் ஆணிகள் நின்றன. போட்டி நடத்துபவர்கள் ஆறு மாதத்துக்கு முன்னால் கேட்ட தட்டுகள் வரவே இல்லை.

அந்த ஆண்டின் பரிசு மேசைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. இரண்டே மேசை. அவற்றிலும் யாரும் கேட்காத மாதிரிகள், குழந்தைகளுக்கான லேசான தட்டுகள், தொப்பிகள். 'பின்னால் வாங்கிக்கொள்ளலாம்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். பரிசு இல்லையென்றால் ஆள் வராது என்று நாற்பது ஆண்டாகச் சொல்லிவந்தார்களே, என்ன ஆயிற்று? இரவு எட்டு மணிக்குப் பதிவு திறந்தால் எட்டே கால் ஆவதற்குள் இடம் நிறைந்தது. காத்திருப்போர் பட்டியல் மைதானத்தில் ஆடக்கூடியவர்களைவிட நீளமாக இருந்தது. என் பெயர் இரண்டு முறை அந்தப் பட்டியலிலேயே நின்றுபோயிற்று. பரிசைத் தேடி ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை காலையில் வேறு மூன்று பேரோடு ஒரே அட்டையில் பெயர் எழுதிக்கொண்டு, தன் எறிதலை இன்னொருவர் எண்ணுகிற அந்த ஒழுங்குக்காக வந்தார்கள்.

தட்டுத் தட்டுப்பாடு தீர்ந்தது. மேசைகள் மறுபடி நீண்டன. ஆனால் சில இடங்களில் 'கோப்பை மட்டும்' போட்டிகள் நடக்கின்றன. கட்டணம் குறைவு, முதல் மூன்று பேருக்குக் கையால் செய்த ஒரு மரப்பலகையோ சின்னக் கோப்பையோ, மற்றவர்களுக்கு ஆட்டம். 'ஐஸ் பவுல்' இன்னொரு முன்மாதிரி. 1987 முதல் நடுக்குளிரில், பனியில் ஆடும் போட்டிகள் அவை. அவற்றின் நோக்கம் பசித்தவர்களுக்கான உணவு வங்கிக்குப் பணமும் டப்பா உணவும் சேர்ப்பது. ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில், தட்டில் கட்டிய வண்ண ரிப்பன் பனியில் தட்டு புதைந்த இடத்தைக் காட்ட, கையில் உறையோடு நான் ஆடியிருக்கிறேன். மேசையில் அன்று தட்டுகள் இல்லை. பீன்ஸ் டப்பாக்களும், தக்காளி சூப் டப்பாக்களும், வேர்க்கடலை வெண்ணெய்ப் புட்டிகளும் இருந்தன. அவற்றை நாங்கள் கொண்டுவந்து வைத்தோம். எடுத்துக்கொண்டு போகவில்லை. நான் பார்த்த பரிசு மேசைகளில் அதற்கு இணை இல்லை.

தேர்ந்த அமெச்சூர்களுக்கு மதிப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்துக் கென்சிங்டன் மெட்ரோபார்க்கில், பனிக்காலத்தில் குழந்தைகள் சறுக்கிவரும் குன்றுகளின் மேல் அமைத்த டொபாகன் மைதானத்தில்தான் அமெரிக்க அமெச்சூர் சாம்பியன்ஷிப் நடந்துவருகிறது. மேலிருந்து எறிந்தால் தட்டு கீழே இறங்க யுகம் ஆகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்போம். அங்கே வென்றவரை ஊர் தெரிந்துகொள்கிறது. அந்தப் பெயர்தான் பரிசு. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி நாளை தொழில்முறைக்குப் போகப் போகிறாள் என்றால் அவளுக்குப் பெட்ரோல் செலவையும் விடுதி வாடகையையும் ஒரு கம்பெனி ஏற்கட்டும். அது சரியான இடத்தில் விழும் பணம். ஏழாவது இடத்துக்கு 40 டாலர் சீட்டு எனக்கு வேண்டாம். அது என் பணமே சுற்றி வந்து என் கைக்குத் திரும்புவது. எடுத்துக்கொண்டு போய் வண்டிக் கொட்டகையில் அடுக்குகிறேன். அங்கே ஏற்கெனவே எழுபத்து மூன்று தட்டுகள் இருக்கின்றன. ஒரு கைக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் எறிய முடியும்.

சென்ற செப்டம்பரில் எங்கள் சிறு குழு ஒரு போட்டி நடத்தியது. கட்டணம் 20 டாலர். பை கிடையாது, சீட்டு கிடையாது. முதலிடத்துக்கு மட்டும், புயலில் விழுந்த பூங்கா மரத்திலிருந்து அறுத்த ஒரு வட்டம், அதில் சூடு வைத்துப் பொறித்த ஆண்டு. மற்றப் பணம் ஐந்தாவது குழி மேடைக்கு என்று பதிவுப் பக்கத்திலேயே எழுதினோம். அந்த மேடை வெறும் மண். மழைக்காலத்தில் கால் வழுக்கி, போன ஆண்டு ஒரு பெரியவர் விழுந்து மணிக்கட்டு உடைந்தது. யாரும் வர மாட்டார்கள் என்று இரண்டு பேர் எச்சரித்தார்கள். ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். புரவலர் பலகை ஒன்றே ஒன்று: பக்கத்துத் தெரு இரும்புக் கடை. சிமென்ட்டையும் கம்பியையும் அடக்க விலைக்குக் கொடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் போனோம். பலகை அடித்து, கம்பி வலை விரித்து, தள்ளுவண்டியில் கலவை கொண்டுவந்து கொட்டினோம். பூங்கா வாசலிலிருந்து ஐந்தாவது குழி வரை மேடு, முப்பத்தோரு நடை. பன்னிரண்டடி நீளம், ஐந்தடி அகலம். தம்பிதான் மட்டப்பலகை பிடித்தார். மேற்பரப்பு பளிங்குபோல ஆகிவிடக்கூடாது, மழையில் வழுக்கும் என்று, ஒரு தென்னந்துடைப்பத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார். ஊருக்குப் போனபோது வாங்கிவந்தது. அதால் ஈரச் சிமென்ட்டின் மேல் குறுக்காக ஒரே சீராக இழுத்தார். மெல்லிய கோடுகள் விழுந்தன.

"அண்ணா, மூலையில ஒரு தட்டு அச்சு வெச்சுர்லாங்களா?" என்று கேட்டார். அவர் பையிலிருந்து எடுத்தது அந்தப் பச்சைத் தட்டு. வலது மூலையில் கவிழ்த்து அழுத்தி எடுத்தார். வட்டம் தெளிவாக விழுந்தது. மணி நாலு. சிமென்ட் காயும்வரை யாரும் மிதிக்காமல் இருக்க நாலு பக்கமும் கயிறு கட்டிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கினோம்.